பூட்டினில் பன்னீருக்கு என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில், வறுத்த கிழங்கின் மேல் சீஸ் கட்டி போட்டுப் பழுப்பு கிரேவி ஊற்றுகிற ‘பூட்டின்’ (poutine) என்ற கனடா நாட்டுப் பலகாரத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ஃபிங்கர் சிப்ஸ் வறுத்து, மேலே பன்னீரை உதிர்த்துப் போட்டு, கரம் மசாலா சேர்த்த தக்காளி கிரேவியை ஊற்றி, கொத்தமல்லி தூவச் சொல்லியிருந்தார் எழுதியவர். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வறுத்த கிழங்கின் மேல் எதை ஊற்றினாலும் பிள்ளைகள் வழித்துச் சாப்பிடுவார்கள். ஆனால் தலைப்பில் ‘அசல் முறை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் போச்சம்பள்ளி வட்டம் பாரூர் பக்கத்துக்காரி. எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். காலையும் மாலையும் லேக்டோமீட்டரும் கையுமாக நின்றே பாதி ஆயுசு போய்விட்டது. இப்போது வீட்டில் ரெண்டு கறவை மாடு இருக்கிறது. மகன் கனடாவில், மாண்ட்ரியலில் குடியிருக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோதுதான் இந்தப் பூட்டினை முதலில் சாப்பிட்டேன். பால் வேலை பார்த்தவள் என்பதால் கிழங்கை விட்டுவிட்டு அதில் கிடந்த சீஸ் கட்டியையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் சிரித்தாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பூட்டின் கிழங்குப் பலகாரம் இல்லை, பால் பலகாரம். அன்றைக்குக் கறந்த பாலில் அன்றைக்கே செய்த பச்சை சீஸ் கட்டி இருந்தால்தான் அது பூட்டின். அது கிடைக்காத ஊர்க்காரர்கள் எதையாவது போட்டுச் சமாளிக்கட்டும். காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் கேன் கேனாகப் பால் ஏற்றுகிற கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு எதற்குப் பன்னீரைப் போடு என்று சொல்ல வேண்டும்?

இது பிறந்த இடத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் நடுவில் இருக்கிற பகுதி முழுக்க மாட்டுப் பண்ணையும் சீஸ் ஆலையும்தான். அங்கே வார்விக் என்று ஒரு சின்ன ஊர். 1957-ல் அந்த ஊரில் ஃபெர்னான் லாஷான்ஸ் என்பவர் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு வந்த ஒருவர், வறுத்த கிழங்கையும் சீஸ் கட்டியையும் ஒரே பையில் போட்டுத் தரச் சொன்னாராம். அங்கிருந்துதான் தொடங்கியது என்று ஒரு கட்சி. ட்ரம்மண்ட்வில் என்ற ஊரில் ழான் பால் ருவா என்பவரின் கடைக்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. கிழங்கு, சீஸ், பழுப்பு கிரேவி மூன்றையும் சேர்த்து 1964-ல் முதலில் விற்றது நாங்கள்தான் என்பது அவர்கள் கட்சி. இன்னும் சில ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. எது நிஜமோ, எனக்கு வழக்கு இல்லை. நான் கவனித்தது வேறு. சண்டை போடுகிற ஊர்கள் எல்லாமே பால் ஊர்கள். சீஸ் ஆலைக்குப் பக்கத்தில் இருந்த கடைகளில்தான் இது பிறந்திருக்கிறது. பெருநகரங்களுக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. மாண்ட்ரியலில் இன்றைக்கு ராத்திரி பகல் மூடாத பூட்டின் கடையே இருக்கிறது. முப்பது தினுசு போடுகிறார்கள். அதெல்லாம் பின்னால் வந்த அலங்காரம்.

அங்கே நான் பார்த்து அசந்த காட்சி ஒன்று உண்டு. மகன் காரில் கூட்டிப்போன வழியில் ஒரு பெட்டிக்கடை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே, பாலித்தீன் பையில் சீஸ் கட்டிகள். ஃப்ரிட்ஜில் இல்லை, வெளியே. அன்று காலையில் செய்தது, 24 மணி நேரம் வரைக்கும் அப்படி வெளியில் வைத்து விற்க அந்த மாகாணத்தில் சட்டமே அனுமதிக்கிறது என்றான் மகன். எனக்குப் பகீரென்றது. பாலை அரை மணி நேரம் வெளியே வைத்தாலே கத்துகிற உத்தியோகம் பார்த்தவள் நான். ஆனால் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்தபோது காரணம் தெரிந்தது. பல்லில் பட்டதும் கீச் கீச்சென்று சத்தம் வருகிறது. புது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் நடந்தால் வருமே, அந்தச் சத்தம். ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. அங்கத்து ஆட்கள் வாங்கிய கையோடு காரிலேயே கடித்துப் பார்த்து, சத்தம் வந்தால்தான் புதுசு என்று ஒப்புக்கொள்கிறார்கள். அது ஒரு பரிசோதனை முறை. பாலில் கொழுப்பு அளக்கிற எங்கள் கெர்பர் முறையைவிட மலிவு.

சத்தம் எங்கிருந்து வருகிறது? பால் புரதத்தில் ‘கேசின்’ என்று ஒன்று. ரென்னெட் என்ற நொதியை விட்டால், கேசின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வலை பின்னிக்கொள்ளும். பாலில் இருக்கிற கால்சியம்தான் அந்த வலைக்கு முடிச்சு. முடிச்சு இறுக்கமாக இருக்கும்வரை கட்டி ரப்பர்போல விறைப்பாக இருந்து பல்லில் உரசும். நேரமாக ஆகப் புளிப்பு ஏறி கால்சியம் கரைந்து வெளியேறும், புரதமும் சிறிது சிறிதாக அறுபடும். ஒன்றிரண்டு நாளில் சத்தம் போய்விடும். ருசி போகாது, ஆனால் அது வேறு சரக்கு.

இப்போது பன்னீருக்கு வருவோம். பாலைப் பொங்க வைத்து எலுமிச்சை பிழிந்து திரிய வைப்பது பன்னீர். அவ்வளவு புளிப்பில் கால்சியத்தில் ஒரு பகுதி தெளிந்த தண்ணீரோடு போய்விடும். கொதியில் வெந்த மற்ற புரதமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பன்னீரை எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, இழுபடாது. பாலக் பன்னீரில் கட்டி கட்டியாக நிற்பதற்கு அதுதான் காரணம், அங்கே அது நல்ல குணம். பூட்டினில் நமக்கு வேண்டியது இரண்டுங்கெட்டான் நிலை: கொதிக்கிற கிரேவி பட்டதும் வெளிப்புறம் இளகி லேசாக நூல்விட வேண்டும், நடுவில் கடிபட வேண்டும். பன்னீர் இளகாது. பீட்சாவுக்குத் துருவி விற்கிற மொஸரெல்லா ஒரேயடியாக இளகிப் போர்வைபோல மூடிக்கொள்ளும். டப்பாவில் வருகிற ப்ராசஸ்டு சீஸ் கிரேவியோடு கரைந்தே போய்விடும். ஓசூர் சாலையில் ஒரு கடையில் பூட்டின் என்று பலகை பார்த்து வாங்கினேன். சீஸுக்குப் பதில் மயோனைஸ். காசைக் கொடுத்துவிட்டு வந்தோம், வேறு என்ன செய்ய.

சரி, வீட்டில் செய்வது எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் சமையல் பக்கம் விட்டுவிட்ட வேலை அதுதான். பொறுமை வேண்டும், அரை நாள் வேண்டும், ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். கஷ்டம் ஒன்றுமில்லை.

முதலில் பால். பாக்கெட் பால் வேண்டாம். ஒரேசீராக அடித்துக் கலந்த பாலில் கட்டி தளர்வாக விழும். யூ.எச்.டி. அட்டைப்பெட்டிப் பாலில் சுத்தமாக ஆகாது. கறந்த பாலை மாட்டுக்காரரிடமே வாங்குங்கள், 4 லிட்டர். வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மாடு கன்று போட்டு எத்தனை நாள் ஆகிறது? சீம்பால் வாடை போகாத பாலில் கட்டி ஒழுங்காக விழாது. மாட்டுக்கு மடிநோய்க்கோ வேறெதற்கோ ஊசி போட்டிருக்கிறதா? ஊசி மருந்து பாலில் இறங்கியிருந்தால் உறை மோரில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் புளிக்காது. மூன்றாவது கேள்வியை நேரடியாகக் கேட்க முடியாது, சாடையாகக் கேட்க வேண்டும்: பால் திரியாமல் இருக்க ஆப்பசோடா போட்டிருக்கிறார்களா? சோடா போட்ட பாலில் ரென்னெட் வேலை செய்யத் தயங்கும். தண்ணீர் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், கட்டி விழும் லட்சணத்திலேயே தெரிந்துவிடும். லேக்டோமீட்டரை ஏமாற்றச் சிலருக்கு வழி தெரியும், ரென்னெட்டை ஏமாற்ற வழி கிடையாது.

அடுத்ததுதான் நம் வீடுகளில் எல்லாரும் சறுக்குகிற இடம். பால் என்றாலே பொங்கப் பொங்கக் காய்ச்சுவது நம் கை வழக்கம். பொங்கிய பாலில் ரென்னெட்டை எத்தனை சொட்டு விட்டாலும் கட்டி விழாது, கொழகொழவென்று கஞ்சிபோல நிற்கும். கொதியில் வெந்த புரதம் கேசின் துகளின் மேல் போய் அப்பிக்கொள்வதால் வலை பின்ன முடிவதில்லை. அதற்காகப் பச்சைப் பாலில் செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பச்சைப் பாலில் மாட்டுக்காய்ச்சல் முதல் பல நோய் வரலாம், தெரிந்துகொண்டே சொன்னால் அது பாவம். நடுவழி இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் 63 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சூடு இறங்காமல் 30 நிமிடம் வையுங்கள். நோய்க்கிருமிகள் செத்துவிடும், புரதம் கெடாது. பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து 32 டிகிரிக்கு ஆற்றுங்கள்.

அதில் புளிக்காத கெட்டித் தயிர் நாலு மேசைக்கரண்டி, கட்டி இல்லாமல் அடித்துக் கலக்குங்கள். அங்கத்து ஆலைகளில் இதற்கென்றே தனிக் கிருமி வளர்ப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு நம் தயிரே போதும், கொஞ்சம் நம்மூர் வாசனை வரும், வரட்டுமே. முக்கால் மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் ரென்னெட். கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது பழைய வழக்கம். அதை நினைத்துச் சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். நுண்ணுயிரில் தயாரித்த ரென்னெட் பச்சைப் புள்ளி போட்டே விற்கிறது, பெங்களூரில் பேக்கரி சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இணையத்திலும் வரவழைக்கலாம். சீசாவுக்குச் சீசா வீரியம் மாறும், அதனால் அளவு நான் சொல்ல மாட்டேன், சீட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து விடுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதற்கு ஆகாது. விட்டபின் அரை நிமிடம் கிளறி, பாலின் ஆட்டம் நிற்கும்வரை கரண்டியை அசையாமல் பிடித்து, அதோடு விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். பாத்திரம் ஆடினால் கட்டி உடைந்துவிடும்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கத்தியைச் சாய்வாகச் செருகி மெல்லத் தூக்குங்கள். வெட்டு சுத்தமாகப் பிளந்து, பிளவில் தெளிந்த பச்சை நிறத் தண்ணீர் ஊறினால் தயார். பால் வெள்ளையாகவே ஊறினால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறுங்கள். ஐந்து நிமிடம் சும்மா விட்டு, அடுப்பைச் சின்னதாக வைத்து, கையால் அடியிலிருந்து மெல்லத் தூக்கித் தூக்கிக் கிளறிக்கொண்டே அரை மணி நேரத்தில் 38 டிகிரிக்கு ஏற்றுங்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் துண்டுகளின் மேல்தோல் இறுகி, தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கையில் பட்டால் தெரியும்: முதலில் வழுக்கிக்கொண்டு குலைகிற துண்டு, நேரமாக ஆகச் சுருங்கி, அழுத்தினால் திமிறும். அதே சூட்டில் இன்னொரு அரை மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்டுங்கள்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மூன்றரை லிட்டர் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதில்தான் அன்றைக்கு ராகிக் களி கிண்டுவது. சப்பாத்தி மாவு பிசையலாம். மிச்சத்தை மாட்டுக்குத் தவிட்டில் கலந்து வைத்தால் தாழியை நக்கி எடுத்துவிடும்.

துணியில் நிற்பது ஒட்டிக்கொண்டு ஒரே பாளமாகும். அதை இரண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெதுவெதுப்பான பாத்திரத்தில் மூடி வைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மேலது கீழாக மாற்றுங்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். மாதக்கணக்கில் பழுக்க வைக்கிற செட்டர் சீஸுக்குச் செய்கிற அதே பக்குவம்தான் இது. பூட்டின் சீஸ் என்பதே பழுக்க வைக்காத செட்டர்தான். கிள்ளி இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும், வாயில் வைத்தால் லேசான புளிப்பு. அந்த நேரத்தில் விரல் கணு அளவுக்கு ஒழுங்கில்லாமல் பிய்த்துப் போட்டு, ஒன்றரை டீஸ்பூன் உப்பைத் தூவிப் பிரட்டி வையுங்கள். 4 லிட்டர் மாட்டுப் பாலுக்குக் கிட்டத்தட்ட 400 கிராம் நிற்கும். நாலு பேருக்குத் தாராளம், வேலை நடக்கும்போதே எடுத்துத் தின்கிற பிள்ளைகள் இல்லாத வீடாக இருந்தால்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் அடிக்கிற வெயிலில் இதைச் செய்யாதீர்கள், நினைத்ததைவிட வேகமாகப் புளித்துவிடும். மார்கழி, தை நல்லது. செய்த அன்றே சாப்பிடுங்கள். கனடாக்காரர்கள் வெளியில் வைப்பது அவர்கள் ஊர்க் குளிருக்கு. மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துச் சில விநாடி லேசாகச் சூடு காட்டினால் சத்தம் கொஞ்சம் திரும்பி வரும்.

கிழங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எந்தக் கிழங்கு என்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனால் புதுக் கிழங்கும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ரொம்பக் குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். எண்ணெயில் போட்டதும் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துப்போகும், நாக்கில் ஒரு அசட்டுத் தித்திப்பு. வாங்கியதை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இதே கதிதான். மண் வாசனையோடு, தோல் முற்றி, கையில் கனமாக இருக்கிற மலைக்கிழங்கு கேளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விளைகிற கிழங்கு கிடைத்தால் இன்னும் நல்லது, நம் மாவட்டத்துச் சரக்கு. சிப்ஸுக்கென்றே சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்சோனா, ஃப்ரைசோனா என்று ரகங்கள் கொண்டுவந்திருக்கிறது. அவை பெரும்பாலும் கம்பெனிகளுக்குப் போய்விடுகின்றன, சந்தையில் கேட்டால் நம்மை ஒருமாதிரி பார்க்கிறார்கள்.

சுண்டுவிரல் தடிமனுக்கு வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பால்போல இறங்குகிற மாவுத் தண்ணீரைக் கொட்டி அலசி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள். இரண்டு தடவை பொரிக்க வேண்டும். முதலில் 160 டிகிரி எண்ணெயில் ஐந்தாறு நிமிடம். உள்ளே வெந்தால் போதும், நிறம் ஏறக் கூடாது. எடுத்து ஆறவிடுங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் 185, 190 டிகிரியில் மறுபடி இரண்டு மூன்று நிமிடம். அப்போதுதான் கிரேவி ஊற்றியபின்னும் சதசதக்காமல் நிற்கும். எண்ணெயில் மட்டும் ஒரு யோசனை. எங்கள் பக்கம் எல்லாருக்கும் செக்குக் கடலை எண்ணெய் மேல் தனி மோகம், எனக்கும் உண்டு. ஆனால் செக்கு எண்ணெய் அவ்வளவு சூடு தாங்காது, முன்னாலேயே புகைந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய்தான் இதற்கு. செக்கு எண்ணெயைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரேவி. தக்காளி வேண்டாம், கரம் மசாலா வேண்டாம், பச்சை மிளகாய் வேண்டாம். ராயக்கோட்டைத் தக்காளி விலை விழுந்து ரோட்டோரம் கொட்டுகிற நாளில்கூட வேண்டாம். பழுப்பு கிரேவிக்கு அங்கே கோழி எலும்பும் மாட்டெலும்பும் சேர்ந்த சாறு வைக்கிறார்கள். நான் கோழிக் கழுத்தும் ஆட்டெலும்பும் போட்டு, எலும்பை முதலில் வாணலியில் சிவக்க வறுத்து, வெங்காயத்தோடு இரண்டு மணி நேரம் சிறு தீயில் காய்ச்சுகிறேன். 40 கிராம் வெண்ணெயை உருக்கி 40 கிராம் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போய், பிஸ்கட் நிறம் வரும்வரை கிளறி, அரை லிட்டர் எலும்புச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கட்டி தட்டாமல் கலக்க வேண்டும். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதம். மிளகு தாராளமாக, ஒரு டீஸ்பூன் வினிகர், உப்பு பார்த்து. சீஸிலேயே உப்பு இருக்கிறது. மிளகும் வினிகரும்தான் இந்தக் கிரேவிக்கு உயிர், எண்ணெயும் வெண்ணெயும் திகட்டாமல் அறுத்துவிடுவது அவைதான். சைவமானால் காளானையும் வெங்காயத்தையும் நன்றாகச் சுருள வதக்கிச் சாறு எடுத்து, ஒரு கரண்டி சோயா சாஸ் விடுங்கள். எலும்புச் சாற்றின் கனம் வராது, ஆனால் தரக்குறைவாகவும் இருக்காது. என் நாத்தனார் சைவம், அவருக்காகச் செய்வதுண்டு.

சேர்க்கும்போது வேகம் வேண்டும். சீஸ் குளிர்ச்சியாக இருக்கக் கூடாது, அறையின் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த கட்டியைப் போட்டால் கிரேவிதான் ஆறும், கட்டி இளகாது. ஆழமான கிண்ணத்தில் பாதிக் கிழங்கு, பாதிச் சீஸ், மறுபடி கிழங்கு, மறுபடி சீஸ், மேலே தளதளவென்று கொதிக்கிற கிரேவி. கொத்தமல்லியைக் காட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். போட்டோ எடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஒரு சமையல் பக்கத்துக்காக மட்டும் எழுதவில்லை. பால் விலை கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.புக்கும் (கொழுப்பு தவிர்த்த திடச்சத்துக்கும்) மேல் ஒரு பைசா நகருவதில்லை என்று எங்கள் ஊர் மாட்டுக்காரர்கள் புலம்பாத நாள் இல்லை. பாலை மாற்றி விற்க நமக்குத் தெரிந்ததெல்லாம் தயிர், நெய், பால்கோவா, இப்போது பன்னீர். பழுக்க வைக்காத சீஸுக்கு மாதக்கணக்கில் குளிர் அறையில் வைத்துக் காக்கிற செலவு கிடையாது. காலையில் கறந்தால் மாலையில் காசு. கியூபெக் கிராமத்து ஆலைகள் அப்படித்தான் பிழைக்கின்றன. பெங்களூர் நமக்கு இரண்டு மணி நேரப் பயணம், அங்கே பூட்டின் விற்கிற கடைகளுக்கு நல்ல கட்டிச் சீஸ் வேண்டும். மகளிர் குழுக்கள் மாம்பழக் கூழும் ஊறுகாயும் போடப் பயிற்சி எடுக்கிற ஊரில் இதற்கு ஒரு பயிற்சி வைத்தால் என்ன என்று ஆவினுக்கும் கால்நடைத் துறைக்கும் உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்கிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு, கிருமி நீக்கம், தெர்மாமீட்டர் பிடிக்கத் தெரிந்த ஆட்கள், இதெல்லாம் வேண்டும்தான். சொசைட்டிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்களைப்போல எத்தனையோ பேர் சும்மாதானே இருக்கிறோம்.

குறிப்பு எழுதியவர்மீது எனக்கு வருத்தம் இல்லை, அவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். தலைப்பை மட்டும் மாற்றி ‘பன்னீர் போட்ட ஃபிங்கர் சிப்ஸ்’ என்று ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லாவிட்டால் தாராளமாக வெட்டுங்கள். கிழங்கை வெட்டலாம், கிரேவியை வெட்டலாம், என் மருமகள் சிரித்ததையும் வெட்டலாம். பாலைப் பற்றிச் சொன்னதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் பரிசோதகர்,
பாரூர் அஞ்சல், போச்சம்பள்ளி வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.